ஸ்கேன் நார்மல்னு வந்துச்சு, வலி மட்டும் போகல

ஸ்கேன் ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருந்தா எண்டோமெட்ரியோசிஸ் இல்லனு அர்த்தம் கிடையாதுங்க. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இது எனக்கு தெரிய வர்றதுக்குள்ள ஸ்கூல் முடிஞ்சு காலேஜ் முடிஞ்சு திருப்பூர்ல ஒரு கார்மென்ட்ஸ்ல மெர்ச்சன்டைசரா சேந்து கல்யாணமும் ஆகிடுச்சு. பீரோல ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய ரிப்போர்ட் கெடக்கு, எத எடுத்தாலும் யூட்ரஸ் நார்மல், ஓவரி நார்மல்னு தான் இருக்கும், ஆனா மாசம் பொறந்தா ரெண்டு மூணு நாள் நான் பாத்ரூம் தரையில தான் கெடப்பேன்.

வியாதி என்னனு சுருக்கமா சொல்லிட்டு போயிடறேன். கர்ப்பப்பைக்குள்ள மாசாமாசம் வளந்து ரத்தத்தோட வெளிய போகுதே ஒரு சவ்வு, அது மாதிரியே ஒன்னு கர்ப்பப்பைக்கு வெளிய வளருது. ஓவரி மேல, கர்ப்பப்பைக்கு பின்னாடி, குடல் மேல, மூத்திரப்பை மேல, சில பேருக்கு மேல உதரவிதானம் வரைக்கும் கூட. இதுவும் அதே ஹார்மோனுக்கு தான் ஆடும், ஆனா வெளிய போக வழி இல்லாததால அங்கயே வீங்கி புண்ணாகி தழும்பாகி, பக்கத்துல இருக்கற உறுப்பு எல்லாத்தையும் ஃபெவிகால் போட்ட மாதிரி ஒட்ட வெச்சிடும். ஓவரிக்குள்ள பழைய ரத்தம் தேங்கி கட்டியாச்சுனா அதுக்கு பேரு சாக்லேட் சிஸ்ட். குழந்தை பெத்துக்கற வயசுல இருக்கற பொண்ணுங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்குனு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உலகம் பூரா 19 கோடி பேரு. அவ்வளவு பேருக்கு இருக்கற ஒரு வியாதியோட பேரையே நான் முதல்ல கேட்டது கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு குழந்தையின்மை கிளினிக்ல தான்.

வயிறு வலி எங்க வீட்டுல புதுசு இல்ல. அம்மாயி வெந்தயத்த மோர்ல போட்டு முழுங்க சொல்லும், அம்மா தொப்புள்ல விளக்கெண்ணெய் வைக்கும், உடம்பு சூடு, உளுந்தங்களி தின்னா இடுப்புக்கு பலம் வரும்னு சொல்லி கருப்பட்டி போட்டு கிண்டி தருவாங்க. அதுல தப்பு சொல்ல ஒன்னும் இல்ல, களி நல்லாத்தான் இருக்கும், ஆனா வலி களிக்கு எல்லாம் கேக்கற வலி இல்ல. வாந்தி வரும், கை கால் சில்லுனு ஆயிடும், பக்கத்து கிளினிக்ல போய் ஒரு ஊசி போட்டா தான் அடங்கும். ஊசி போட்ட நர்ஸக்கா "எனக்கும் இப்படித்தான் கண்ணு இருந்துச்சு, கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொல்லும். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் அதே பாட்டு தான். இப்ப யோசிச்சா அவங்கள்ல எத்தன பேருக்கு இதே வியாதி இருந்துச்சோ, யாருக்கு தெரியும், ஏன்னா இது குடும்பத்துல வர்ற வாய்ப்பும் இருக்கு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தா நமக்கு வர்றதுக்கு சான்ஸ் கூடுதல்னு பின்னாடி டாக்டர் சொன்னாங்க.

காலேஜ் படிக்கிறப்ப இன்னொன்னு ஆரம்பிச்சுது, அத சொல்லவே கூச்சமா இருந்துச்சு, டேட் வர்ற நாள்ல மோஷன் போறப்ப உள்ள கத்தி சொருகுன மாதிரி வலி. மத்த நாள்ல இருக்காது. அம்மா மூலம்னு நினைச்சு கூட்டிட்டு போச்சு, அங்க மூலம் இல்லனு சொல்லிட்டாங்க. அப்புறம் கேஸ்ட்ரோ டாக்டர், ஐபிஎஸ்னு (குடல் சரியா வேலை செய்யாம அடிக்கடி வயிறு வலிக்கற ஒரு தொந்தரவு) சொல்லி பால் குறைங்க, மைதா குறைங்க, டென்ஷன் ஆகாதீங்கனு அனுப்பிட்டாங்க. ஒருக்கா அப்பென்டிக்ஸ்னு சந்தேகப்பட்டு அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ் போட்டு அனுப்புனாங்க. இதுல எந்த இடத்துலயும், "இந்த வலி பீரியட்ஸ் டைம்ல மட்டும் வருதா?"ன்னு ஒரு கேள்வி யாரும் கேக்கல. நானும் குடல் டாக்டர்கிட்ட போய் பீரியட்ஸ் பத்தி எதுக்கு பேசணும்னு தான் நினைச்சிருந்தேன், அது வேற டிபார்ட்மென்ட் ஆச்சே.

இந்த இடத்துல தான் ஒரு விஷயத்த நல்லா சொல்லணும்னு நினைக்கறேன். டாக்டர்கிட்ட போய் "வயிறு வலிக்குது"ன்னு சொன்னா அவங்களுக்கு ஒரு நாளைக்கு நூறு வயிறு வலி வரும், ஓபில நமக்கு கெடைக்கறது அஞ்சு நிமிஷம். அதனால எழுதிட்டு போங்க. நான் ஆபீஸ்ல ஷிப்மென்ட் ட்ராக் பண்றதுக்கு வெச்சிருக்கற எக்செல் ஷீட் மாதிரியே ஒன்னு போனுல போட்டேன், டேட் எப்ப வந்துச்சு, வலி அதுக்கு எத்தன நாள் முன்னாடியே ஆரம்பிச்சுது, பத்துக்கு எத்தன, எந்த மாத்திரை போட்டேன் கேட்டுச்சா கேக்கலயா, மோஷன் போறப்ப வலிச்சுதா, யூரின் போறப்ப வலிச்சுதா, வலி காலுக்கு இறங்குச்சா முதுகுக்கு போச்சா, வாந்தி உண்டா, வேலைக்கு லீவ் போட்டேனா. கல்யாணம் ஆனவங்களா இருந்தா வீட்டுக்காரரோட சேர்றப்ப உள்ளுக்குள்ள ஆழமா வலிக்குதாங்கறதையும் எழுதுங்க, இத வாயால சொல்ல எனக்கு வரவே வரல, கூட அத்தை வேற உக்காந்திருந்தாங்க, எழுதி வெச்சிருந்ததால போன அப்படியே டாக்டர் கையில குடுத்துட்டேன். அத படிச்ச டாக்டரம்மா தான் முதல் தடவையா நிமிந்து என் முகத்த பாத்தாங்க. மோஷன் வலி, சேர்றப்ப வலி, டேட்டுக்கு முன்னாடியே ஆரம்பிக்கற வலி, மாத்திரைக்கு கேக்காத வலி, இதெல்லாம் சேந்து இருந்தா ஸ்கேன் என்ன சொன்னாலும் எண்டோமெட்ரியோசிஸ யோசிச்சே ஆகணும்னு சொன்னாங்க.

ஸ்கேன் ஏன் ஏமாத்துதுன்னா, வயித்து மேல ஜெல் தடவி பாக்கற சாதா ஸ்கேன்ல, அந்த ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு வராண்டால கால பின்னிக்கிட்டு உக்காந்திருப்போமே அந்த ஸ்கேன்ல, பெரிய சாக்லேட் சிஸ்ட் இருந்தா தெரியும். மேலாப்புல சின்ன சின்னதா திட்டு திட்டா இருக்கறது எந்த ஸ்கேன்லயும் சரியா தெரியாது. ஆழமா குடலுக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவுல இருக்கறது உள்வழியா பாக்கற ட்ரான்ஸ்வஜைனல் ஸ்கேன்ல தெரியும், அதுவும் இதுக்குன்னு பழகுன ஆளு பாத்தா தான். ரெண்டு உறுப்பும் ஒன்னு மேல ஒன்னு வழுக்கி நகருதா இல்ல ஒட்டிக்கிட்டு இருக்கானு தள்ளி தள்ளி பாப்பாங்க. எனக்கு அப்படி பாத்தவங்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடி எல்லாம் ரெண்டு நிமிஷத்துல டிஷ்யூ பேப்பர் குடுத்து எழுப்பி விட்டுடுவாங்க. இடது ஓவரில சாக்லேட் சிஸ்ட், ஓவரி கர்ப்பப்பைக்கு பின்னாடி போய் ஒட்டியிருக்கு, குடல் பக்கம் ஒரு முடிச்சு இருக்குனு அங்க தான் தெரிஞ்சுது. அப்புறம் எம்ஆர்ஐ. எம்ஆர்ஐ எழுதி குடுக்கறப்ப சீட்டுல "எண்டோமெட்ரியோசிஸ் சந்தேகம், குடல் பக்கம் பாக்கவும்"னு டாக்டர எழுத சொல்லுங்க, எதுக்குனு தெரியாம பாக்கறதுக்கும் எங்க பாக்கணும்னு தெரிஞ்சு பாக்கறதுக்கும் ரிப்போர்ட்ல நல்லாவே வித்தியாசம் வருது.

கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு நம்ம ஊர்ல உள்வழி ஸ்கேன் பெரும்பாலும் பண்ண மாட்டாங்க, "அன்மேரிட்"னு சீட்டுல பாத்த உடனே வயித்து ஸ்கேன் மட்டும் பண்ணி அனுப்பிடுவாங்க. அப்படி இருந்தா எம்ஆர்ஐ பண்ணலாம், ஆசனவாய் வழியா ஸ்கேன் பண்ற வழியும் இருக்கு. உள்வழி ஸ்கேனே பண்ணிக்க சம்மதம்னா அத பதினெட்டு தாண்டுன பொண்ணு தானே சொல்லலாம், அம்மா அப்பாகிட்ட கேட்டுட்டு வானு அனுப்ப தேவையில்ல. அம்மாமாருங்களும் இதுல கொஞ்சம் விட்டு குடுக்கணும், கன்னி கழியாத பொண்ணுக்கு இதெல்லாமானு கேக்கற அத்தைங்க அந்த பொண்ணு வாந்தி எடுக்கறப்ப தலைய புடிக்க வர்றதில்ல.

சிஏ 125னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதுவாங்க. எனக்கு அது ஜாஸ்தியா வந்துச்சு, லேப்ல வாங்குன ரிப்போர்ட்ட என் வீட்டுக்காரர் கூகுள்ல போட்டு பாத்துட்டு ஓவரி கேன்சர்னு நினைச்சு ராத்திரி பூரா தூங்கல, மாமனாருக்கு வேற போன் போட்டு சொல்லிட்டாரு. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே அது கூடும், பீரியட்ஸ் நேரத்துல கூட கூடும். வியாதிய கண்டுபிடிக்க அத நம்பக்கூடாதுனு ஐரோப்பால இருக்கற எஷ்ரேங்கற மருத்துவ சங்கம் 2022-ல போட்ட வழிகாட்டில இருக்கு. அதே வழிகாட்டில தான் இன்னொரு நல்ல விஷயமும் இருக்கு, முன்னாடி எல்லாம் லேப்ராஸ்கோப்பி பண்ணி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு, கண்ணால பாத்தா தான் வியாதி உறுதினு வெச்சிருந்தாங்க, இப்ப அப்படி இல்ல, அறிகுறிய வெச்சும் ஸ்கேன வெச்சும் மாத்திரைய ஆரம்பிச்சு பாக்கலாம். அதனால "கன்ஃபர்ம் பண்றதுக்கே ஆபரேஷன்"னு யாராவது சொன்னா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க.

இத பிசிஓடியோட போட்டு கொழப்பிக்கறதும் நிறைய நடக்குது. கட்டினு காதுல விழுந்த உடனே எங்க சொந்தத்துல எல்லாரும் "அட அது எல்லாருக்கும் இருக்கற நீர்க்கட்டி தான், வெயிட் குறைச்சா போயிடும், கழற்சிக்காய் பொடி சாப்பிடு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அது வேற இது வேற. நான் அப்ப ஏற்கனவே நாப்பத்தஞ்சு கிலோ தான், இன்னும் எங்க இருந்து குறைக்கறது.

சரி, மருந்து. இந்த வியாதிய அடியோட எடுத்துட மருந்து எதுவும் இப்போதைக்கு இல்ல, அடக்கி வைக்கலாம். எனக்கு முதல்ல குடுத்தது டயனோஜெஸ்ட்னு ஒரு ஹார்மோன் மாத்திரை, 2 மில்லிகிராம், தினம் ஒன்னு, ஒரே நேரத்துக்கு, இடைவெளி விடாம. முதல் சில மாசம் கண்டபடி ஸ்பாட்டிங் இருந்துச்சு, டேட் நிக்கும்னு சொன்னாங்களே இது என்ன தினமும் பேட் வெக்க வேண்டியிருக்குனு அழுவாச்சியா வந்துச்சு, மூடும் சரியில்ல, சும்மா இருக்கறப்பவே எரிஞ்சு விழுவேன். அத டாக்டர்கிட்ட சொன்னா முதல் மூணு நாலு மாசம் இது எதிர்பாக்கறது தான், ஆனா மனசு ரொம்ப கீழ போகுதுனா உடனே வாங்க, மாத்திக்கலாம்னு சொன்னாங்க. அப்புறம் நின்னுச்சு, டேட்டும் நின்னுச்சு, வலி பாதிக்கு மேல போயிடுச்சு. டேட் நின்னா கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடும்னு அத்தை பயந்தாங்க, அப்படி எதுவும் இல்ல, மாத்திரை அந்த சவ்வு வளரவே விடாம மெலிசா வெச்சிடுது, வெளிய போக உள்ள ஒன்னும் சேர்றதே இல்ல. இன்னொன்னு, இந்த மாத்திரைய கருத்தடை மாத்திரையா நம்பக்கூடாது, வேற தடுப்பு வேணும். ரொம்ப வருஷம் சாப்பிட்டா எலும்போட அடர்த்தி குறையலாம்னு கால்சியம், விட்டமின் டி பாத்துக்க சொன்னாங்க. சில பேருக்கு கர்ப்பப்பைக்குள்ள வைக்கற ஹார்மோன் காயில், சில பேருக்கு சாதா கருத்தடை மாத்திரை, இன்னும் சில பேருக்கு லூப்ரோலைடுனு ஊசி. அந்த ஊசி நம்மள தற்காலிகமா மெனோபாஸ்க்கு கொண்டு போயிடும், என் கூட வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க அத போட்டுட்டு ஏசி ரூம்ல விசிறிட்டு இருப்பாங்க, கூடவே கொஞ்சமா ஹார்மோன் மாத்திரை குடுத்தா அந்த சூடும் எலும்பு தேய்மானமும் குறையும், அத பத்தி கேட்டு வாங்கிக்கணும்.

வலி மாத்திரை பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல மெஃப்டால் ஸ்பாஸ மெடிக்கல்ல மிட்டாய் மாதிரி வாங்கி போடறோம். வலி உச்சத்துக்கு போனப்புறம் போட்டா மாத்திரை அவ்வளவா வேலை செய்யாது, ஆரம்பிக்கறப்பவே, சாப்பிட்டுட்டு போடணும், வெறும் வயித்துல போட்டா அல்சர் தனியா வந்து சேரும். அதுல இருக்கற மெஃபெனமிக் ஆசிட்னால அபூர்வமா காய்ச்சல், உடம்பு பூரா தடிப்பு, உள்ளுறுப்பு பாதிப்புனு ஒரு பெரிய அலர்ஜி வரலாம்னு இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் 2023 கடைசில எச்சரிக்கை விட்டாங்க. பயந்து நிறுத்தணும்னு சொல்லல, மாத்திரை போட்டு கொஞ்ச நாள் கழிச்சு தடிப்பும் காய்ச்சலும் வந்தா அத அம்மைனு வேப்பிலை கட்டிட்டு வீட்டுலயே உக்காந்திருக்காதீங்க.

ஆபரேஷன் எனக்கு கடைசில பண்ண வேண்டியதா போச்சு, குடல் பக்க முடிச்சு மாத்திரைக்கு அடங்கல. போறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்விய எல்லாம் ஒரு தாள்ல எழுதிட்டு போனேன். வெட்டி எடுக்க போறீங்களா இல்ல மேலோட்டமா கரிக்க போறீங்களா, ஆழமா இருக்கறதுக்கு வெட்டி எடுக்கறது தான் சரினு சொன்னாங்க. குடல்ல கை வைக்க வேண்டி வந்தா குடல் சர்ஜன் தியேட்டர்ல இருப்பாரா, இது ரொம்ப முக்கியம், இல்லனா பாதில மூடிட்டு இன்னொரு நாளைக்குனு ஆயிடும். உள்ள போனப்புறம் எதெல்லாம் எடுக்க நான் சம்மதம் குடுக்கறேன், எத எடுக்கக்கூடாது, அத கன்சென்ட் ஃபார்ம்ல எழுதி கையெழுத்து போட்டேன். சாக்லேட் சிஸ்ட்ட உரிச்சு எடுக்கறப்ப நல்ல ஓவரி திசுவும் கொஞ்சம் சேந்து போயிடும், கருமுட்டை இருப்பு குறையலாம், அதனால ஆபரேஷனுக்கு முன்னாடியே அந்த இருப்ப காட்டற ஏஎம்ஹெச்ங்கற ரத்த டெஸ்ட் பாத்துக்கோங்க, குழந்தை வேணும்ங்கறவங்க முதல்ல கருமுட்டைய எடுத்து உறைய வைக்கறதா வேண்டாமானும் பேசிடுங்க. முடிஞ்சப்புறம் ஆபரேஷன் நோட்ஸ், வீடியோ, பயாப்சி ரிப்போர்ட் மூணையும் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, நாளைக்கு வேற டாக்டர பாக்கறப்ப அது தான் பேசும்.

யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லாத ஒன்னு தோள்பட்டை வலி. வயித்துல கேஸ் ஏத்தி தான் லேப்ராஸ்கோப்பி பண்றாங்க, அந்த கேஸ் கரையற வரைக்கும் வயித்த விட தோள் தான் எனக்கு வலிச்சுது, ஹார்ட் அட்டாக்னு நினைச்சு நர்ஸ எழுப்பிட்டேன். கொஞ்சம் எந்திரிச்சு நடந்தா சீக்கிரம் போகுது.

"கர்ப்பப்பையவே எடுத்துட்டா தொல்லை விட்டுது"ன்னு சொல்ற ஆளுங்க, டாக்டருங்க உள்பட, நிறைய இருக்காங்க. வியாதி இருக்கறதே கர்ப்பப்பைக்கு வெளிய தானே, அந்த திட்டுங்கள எல்லாம் விட்டுட்டு பைய மட்டும் எடுத்தா வலி அப்படியே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அடினோமயோசிஸும் (அதே மாதிரி சவ்வு கர்ப்பப்பையோட தசைக்குள்ளயே வளர்றது) சேந்து இருக்கறவங்களுக்கு எடுக்கறதுல நியாயம் இருக்கலாம், அது அவங்கவங்க கேஸ பொறுத்தது. அதே மாதிரி "குழந்தை பெத்துக்கிட்டா சரியாயிடும்", இதுவும் வைத்தியம் இல்ல. கர்ப்பமா இருக்கறப்ப டேட் வராததால சில பேருக்கு வலி குறையும், அவ்வளவு தான், அப்புறம் திரும்பவும் வரலாம். என்னோட குழந்தை விஷயத்த நான் இங்க எழுத போறதில்லங்க, அத கேக்கறதுக்கு கல்யாண வீட்டுல போதுமான ஆளுங்க இருக்காங்க.

காசு. தனியா எடுக்கற மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு எல்லாம் பெரும்பாலும் ரெண்டு வருஷம் வெயிட்டிங் பீரியட் இருக்கும், பாலிசில சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க. எனக்கு கம்பெனி குரூப் இன்ஷூரன்ஸ் இருந்ததால தப்பிச்சேன். சம்பளம் 21,000-க்குள்ள இருக்கற நம்ம பனியன் கம்பெனி பொண்ணுங்களுக்கு இஎஸ்ஐ இருக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கறவங்க எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே அங்க இருக்கற காப்பீட்டு டெஸ்க்ல இந்த ஆபரேஷன் வருமானு கேட்டுடுங்க, முடிஞ்சப்புறம் கேட்டா ஒன்னும் நடக்காது.

ஆபீஸ்ல நான் வியாதி பேர சொல்லியே லீவ் கேக்க ஆரம்பிச்சேன். பையர் ஆடிட் நேரத்துல "லேடீஸ் ப்ராப்ளம்"னு இழுத்தா மேனேஜர் சங்கடப்பட்டு பேச்ச மாத்திடுவாரு, "சார் எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், இது ரிப்போர்ட்"னு நீட்டுனப்புறம் அவரே எச்ஆர்கிட்ட பேசி அந்த நாளுக்கு வீட்டுல இருந்து வேலை பாக்க விட்டாரு. பீகார்ல அரசு வேலை பாக்கற பொம்பளைங்களுக்கு மாசம் ரெண்டு நாள் லீவ் 1992-ல இருந்தே இருக்குங்க, நம்ம ஊர் பனியன் கம்பெனில லைன்ல நின்னு தைக்கற பொண்ணுங்கள நினைச்சா தான் எனக்கு ஆத்தாமையா இருக்கும், அவங்க டாய்லெட் போறதுக்கே டோக்கன் கேக்கற இடமும் இருக்கு.

எப்ப வீட்டுல இருக்கக்கூடாதுங்கறதையும் சொல்லிடறேன். ஒரு பக்கமா திடீர்னு தாங்கவே முடியாத வலி வந்து வாந்தியும் வந்தா கட்டி முறுக்கியிருக்கலாம் இல்ல வெடிச்சிருக்கலாம், காய்ச்சலும் சேந்தா இன்னும் மோசம், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கெளம்பிடுங்க. நாள் தள்ளி போயிருந்து வலியும் மயக்கமும் வந்தா கரு கர்ப்பப்பைக்கு வெளிய தங்கியிருக்கானு பாக்கணும். எனக்கு தான் எப்பவும் வலி இருக்கேனு வழக்கமான வலி கணக்குல சேத்துடாதீங்க.

இப்ப எனக்கு வலி இல்லாத மாசம் தான் ஜாஸ்தி. டயனோஜெஸ்ட் தொடருது, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கேன், வலது பக்கம் சின்னதா ஒன்னு தெரியுது, வளரல, தொட வேண்டாம்னு வெச்சிருக்காங்க. இடுப்புத்தள தசைக்குனு ஒரு பிசியோதெரபி இருக்கறது ஆபரேஷனுக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது, வருஷக்கணக்கா வலிக்கு இறுக்கி இறுக்கி வெச்சதுல அந்த தசையே தனியா வலிக்க ஆரம்பிச்சிருந்துச்சு, கோயமுத்தூர்ல ஒரு பிசியோ அக்கா மூச்சு விடறதுல இருந்து சொல்லி குடுத்தாங்க, சேர்றப்ப வர்ற வலி அதுல தான் குறைஞ்சுது.

எங்க அக்கா பொண்ணு இப்ப பிளஸ் டூ. அவளுக்கும் ஆரம்பிச்சிடுச்சு, மாசத்துல ரெண்டு நாள் ஸ்கூலுக்கு போறதில்ல. அக்காவ கட்டாயப்படுத்தி அந்த போன் ஷீட்ட போட வெச்சு அதே டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டு போனேன். ஸ்கேன் நார்மல். டாக்டர் அத பாத்துட்டு நிறுத்தாம ஹார்மோன் மாத்திரை எழுதுனாங்க, அக்கா முகம் செத்துப்போச்சு, வயசு பொண்ணுக்கு இத குடுத்தா பின்னாடி குழந்தை நிக்காம போயிடுமானு கேட்டுச்சு. போகாது, நிறுத்துனா கருமுட்டை திரும்ப வழக்கம் போல வரும்னு டாக்டர் பொறுமையா சொன்னாங்க, அப்பவும் அக்காவுக்கு அரை மனசு தான், மாத்திரைய சாமி ரூம் டப்பாவுக்கு பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கு, மாமியார் கண்ணுல படக்கூடாதுனு. பொண்ணு போன மாச ரிவிஷன் டெஸ்ட் ஒன்னு விடாம எழுதிட்டா, கெமிஸ்ட்ரில மார்க் போச்சாம், அதுக்கு வயித்து வலி காரணம் இல்லனு அவளே ஒத்துக்கிட்டா.